ஏழு வீடுகளின் முறை

கப்பலின் பின்கதவு இறங்கும்போது சங்கிலி போடும் சத்தத்தை எங்கே கேட்டாலும் அடையாளம் காண்பேன். அன்று அந்தக் கதவு முழுதாகத் தரையில் படுவதற்கு முன்பே, டீசல் புகைக்கு நடுவில், முதல் ஆளாக நான் இறங்கினேன். இஸ்திரி போட்ட வெள்ளைச் சட்டை. கக்கத்தில் நீலக் கோப்பு. என் பின்னால் முதுகுப் பையும் சக்கரப் பெட்டியுமாகப் பதினான்கு பேர்: ஆங்கிலேயர்கள், ஜெர்மானியர்கள், இரண்டு டேனிஷ் ஆசிரியைகள், மூச்சு வாங்கும் ஒரு பெல்ஜியக்காரர்.

துறைமுகச் சுவரோரம் ஆறு பெண்கள் நின்றார்கள். ஒவ்வொருவர் கையிலும் ஓர் அட்டை. 'அறைகள் உண்டு' என்று ஆங்கிலத்திலும் ஜெர்மனிலும், இரண்டிலும் பிழையாக எழுதியிருக்கும். கப்பல் வரும் நாளெல்லாம் "ரூம்! ரூம்!" என்று காது கிழியக் கத்துகிறவர்கள். என் ஊர்வலத்தைக் கண்டதும் ஒருவரும் வாய் திறக்கவில்லை.

நான் அதை மரியாதை என்று எடுத்துக்கொண்டேன்.

பதினான்கு பேரையும் வெள்ளையடித்த படிகளில் ஏற்றி, ஆறு அறைகளிலும் இருத்தி, கடவுச்சீட்டுகளை வாங்கிப் பதிவேட்டில் ஏற்றினேன். மறுநாள் காலை மெல்பேர்னுக்குத் தொலைபேசியில் ஒரே சொல்லில் அறிக்கை கொடுத்தேன்: "ஃபுல்."

அந்தக் கோடையில் நான் செய்த ஆகப் பெரிய பிழை அதுதான். செய்தபோது அது பிழையாகத் தெரியவில்லை. என் உத்தியோக வாழ்வின் சிகரமாகத் தெரிந்தது.

வேலிக்கு அந்தப் பக்கம்

புதிதாக இந்தத் தொடருக்கு வருகிறவர்களுக்காக ஒரு விளக்கம். கொழும்பில் ஒரு திணைக்களம், எண்பத்து மூன்று கலவரத்துக்குப் பிறகு மெல்பேர்னில் இன்னொரு திணைக்களம். இரண்டிலும் நான் கவுண்டருக்கு உட்பக்கம் இருந்தவன். எங்கள் அலுவலகத்துக்கு எண்சீட்டு இயந்திரம் வந்தபோது அதை எங்கே பொருத்துவது என்று மூன்று பக்கக் குறிப்பு எழுதியவனும் நானே. ஓய்வு பெற்ற பிறகும் விடுதலை இல்லை. ஸ்பொன்சர்ஷிப், பென்ஷன், பிள்ளையின் பெயர் மாற்றம் என்று மெல்பேர்ன் தமிழர்களில் பாதிப்பேர் எங்கள் வீட்டுக் குசினி மேசையில் வந்து இருப்பார்கள். பிள்ளைகள் எனக்கு வைத்த பெயர் 'ஃபோர்ம் அங்கிள்'. அதில் எனக்கு வருத்தம் இல்லை. எந்த விண்ணப்பமும் எந்த மேசையில் எவ்வளவு காலம் தூங்கும் என்பது எனக்குத் தெரியும்.

மெல்பேர்னின் கிளென் வேவர்லியில் எங்கள் வேலிக்கு அடுத்த வீடு தனாசியுடையது. கிரேக்கர். அந்தப் பக்கமெல்லாம் பழத்தோட்டமாக இருந்த காலத்தில் காணி வாங்கியவர். கார்த் தொழிற்சாலையில் கார்களுக்குக் கதவு பொருத்திப் பொருத்தியே ஓய்வு பெற்றார். பேர்பெற்ற பள்ளிக்கூடத்தின் அனுமதி எல்லைக்குள் வரவேண்டும் என்று நம்மவர்கள் அடித்துப் பிடித்து அங்கே வீடு வாங்குவதைப் பார்த்து, "என் பிள்ளைகள் படிச்ச காலத்திலை அது வெறும் பள்ளிக்கூடம்தான் மேட்" என்று சிரிப்பார். மனைவி இறந்துவிட்டார். பிள்ளைகள் வேறு வேறு மூலைகளில். எங்களுக்குள் உறவு வேலிக்கு மேலால்தான்: அவருடைய தக்காளி இங்கே வரும், புவனத்தின் வடை அங்கே போகும். (புவனம் என் மனைவி. இந்தத் தொடரில் என்னைத் திருத்துவதற்காக அடிக்கடி வருவார்.)

ஒரு ஜூன் மாதக் குளிரில் தனாசி வேலியோரம் வந்து நின்றார். அவருடைய ஆங்கிலத்தை நம் பேச்சில் தருகிறேன்.

"சிவா, தங்கச்சி கணுக்காலை உடைச்சுப்போட்டாள். படியிலை விழுந்திட்டாளாம்."

தங்கை பெயர் கலியோப்பி. இளவயதில் எட்டு வருடம் மெல்பேர்னில் பிஸ்கட் தொழிற்சாலையில் வேலை செய்தவர். பிறகு, போதும் என்று, பிறந்த தீவுக்கே திரும்பிப் போய்விட்டார். தகப்பன் விட்டுப்போன வீடு இருவர் பெயரிலும் இருந்தது. தனாசி மெல்பேர்னிலிருந்து அனுப்பிய உழைப்பில் மேல்மாடியில் ஆறு அறைகள் கட்டி, கோடையில் சுற்றுலாப் பயணிகளுக்குக் கொடுத்துத் தனியாகக் காலம் தள்ளுகிறார். இப்போது ஏதென்ஸ்காரர் ஒருவர் வீட்டை விலைக்குக் கேட்கிறார்.

"அறுபத்தி நாலு வயசு. ஒற்றைக் காலோடை தனிய. இந்தக் கோடை ரூம் நிரம்பினால் அவள் அங்கையே இருக்கட்டும். நிரம்பாட்டி வித்துப்போட்டு இஞ்சை கூட்டி வாறன்."

"அவ என்ன சொல்லுறா?"

"நான் சொன்னால் கையெழுத்து வைப்பாளாம். சொல்லிப்போட்டு அழுகிறாள்."

அவரே போகலாம்தான். ஆனால் கண் புரைக்கு ஒப்பரேஷன் திகதி அப்போதுதான் வந்திருந்தது. அந்தப் பட்டியலை நான் அறிவேன். திகதியைத் தவறவிட்டால் அடுத்த அழைப்பு வரும்போது கண் தேவைப்படாது.

"நீங்கள் ரெண்டு பேரும் போங்கோ. கடல் இருக்கு, மீன் இருக்கு. நான் ஓகஸ்டிலை வாறன். நீ ரூமை நிரப்பு. உனக்குத் தெரியாத அலுவலோ?"

என் பலவீனம் அவருக்குத் தெரிந்திருந்தது. சுற்றுலா விசாவில் வேலை செய்யக் கூடாது என்ற விதியையும் யோசித்தேன். நண்பர் வீட்டில் விருந்தாளியாக இருந்து கதவு திறந்து விடுவது வேலை ஆகாது என்று எனக்கு நானே தீர்ப்பு வழங்கினேன்.

சிட்னி, குவேக்கர்ஸ் ஹில்லில் இருக்கும் மகனுக்குச் சொன்னபோது அவன், "டாட், ஆர் யூ சீரியஸ்?" என்று மட்டும் கேட்டான். சிட்னி ஒலிம்பிக்குக்கு இன்னும் இரண்டு மூன்று வருடம் இருந்த காலம். எல்லோரும் சிட்னியில் அறை தேடிக்கொண்டிருக்க, நான் அறை கொடுக்கக் கிரேக்கத்துக்குப் போனேன்.

தண்ணீரும் மூன்று மணியும்

தீவின் பெயர் வேண்டாம். வரைபடத்தில் அது ஈ இருந்து பறந்த இடம் போல இருக்கும். குளிர்காலத்தில் இருநூறு பேர்வரை. கோடையில் எத்தனை பேர் என்று எண்ணுவதற்கு ஒரு முறை இல்லை.

காலை ஆறு மணிக்கு ஒரே ஒரு பேக்கரியிலிருந்து பாண் வாசம் படிகளில் ஏறி வரும். ஏழு மணிக்குப் பெண்கள் வாசலைக் கழுவுவார்கள், அரை வாளித் தண்ணீரில். அதற்கு மேல் ஊற்றினால் எதிர்வீட்டிலிருந்து சத்தம் வரும். தீவில் கிணறு கிடையாது. தண்ணீர் கப்பலில் வந்து, துறையிலிருந்து பவுசர் லொறியில் ஏறி, கிழமைக்கு இரண்டு நாள் வீட்டுக்கு வீடு நிலத்தடித் தொட்டியில் இறங்கும். பயணிகளுக்கு இது புரியாது. கடலில் குளித்துவிட்டு வந்து, உப்புப் போகவேண்டும் என்று அரை மணித்தியாலம் ஷவரின் கீழே நிற்பார்கள்.

பத்து மணிக்கு மீன்காரர் தராசோடு வருவார். பளபளவென்ற சூடை மீனைக் கண்ட நாளே புவனம் அந்தத் தீவை மன்னித்துவிட்டார். பொரித்து, எலுமிச்சம்புளி விட்டு, கொண்டுபோன மிளகாய்த்தூளைக் கொஞ்சம் தூவி, கலியோப்பிக்கும் ஒரு தட்டு வைப்பார். கலியோப்பி கண்ணில் நீர் வடிய முழுவதையும் சாப்பிட்டுவிட்டு, "நல்லா இருக்கு, இனி வேண்டாம்" என்பார்.

மூன்று மணி முதல் ஐந்தரை வரை தீவு செத்துவிடும். கடை பூட்டு, ஜன்னல் பூட்டு. அந்த நேரத்தில் படியில் செருப்புச் சத்தம் கேட்டால் அது வெளிநாட்டவர், அல்லது பூனை.

நான் சும்மா இருக்கவில்லை. அறைக் கதவுகளின் உட்புறம் ஒட்டவேண்டிய அரச முத்திரையுள்ள வாடகை விலைத் தாள் இரண்டு வருடம் பழையதாக இருந்தது. பொலிஸ் நிலையத்துக்குப் போய்ப் புதுப்பித்தேன். அங்கிருந்த பையனைப் போன்ற அதிகாரிக்கு எந்தப் படிவம் என்று தெரியவில்லை. அவருடைய அலமாரியிலிருந்து நானே எடுத்துக் கொடுத்தேன். குழாய் அடைக்கும் என்பதால் மலக்கோப்பையில் காகிதம் போடக் கூடாது, பக்கத்து வாளியில் போடவேண்டும் என்பதை மூன்று மொழிகளில், படத்தோடு ஒட்டினேன். கலியோப்பி காலில் மாவுக்கட்டோடு குசினிக் கதிரையில் இருந்தபடியே, "கிரியே, இப்ப என்ரை வீடு ஆஸ்பத்திரி மாதிரி இருக்கு" என்றார். கிரியே என்றால் நம் 'ஐயா'. பாராட்டென்றே எடுத்துக்கொண்டேன்.

மத்தியானம் ஆனால் எதிர்வீட்டு இரினி சூப்போடு வருவார். கறுப்புச் சட்டை, பெரிய கைகள், நாலு ஆங்கிலச் சொற்கள். அவரும் அறைகள் கொடுப்பவர்தான். கலியோப்பியைக் குளியலறைக்குத் தாங்கிக்கொண்டு போவதும், சனிக்கிழமைகளில் தலை கழுவி விடுவதும் அவர்தான். புவனம் உதவிக்குப் போனால் இரண்டு பேருமாகத் தள்ளிவிடுவார்கள்: "நீ விருந்தாளி."

சுவரோரம் நின்றவர்கள்

கப்பல் கிழமையில் மூன்று நாள் வரும். கலியோப்பியின் அட்டையைப் பிடித்துக்கொண்டு துறையில் நிற்கவேண்டியது என் பொறுப்பு. அறை கொடுப்பவர்கள் எங்களோடு சேர்த்து ஏழு வீடு. ஆறு பெண்களும் நானும்.

"இரினிக்குப் பக்கத்திலை நில்லுங்கோ. அவ அசைந்தால் நீங்கள் அசையாதேங்கோ. உங்களை அசையச் சொன்னால் அசையுங்கோ" என்று முதல் நாளே கலியோப்பி சொல்லியிருந்தார். வியாபாரம் தெரியாத மனுஷி என்று நினைத்தேன்.

நான் கண்டது இதுதான். கப்பல் வந்ததும் ஏழு அட்டைகளும் உயரும், எல்லோரும் கத்துவார்கள், பயணிகள் திகைத்து நிற்பார்கள், பிறகு எப்படியோ யாராவது ஒருத்தியிடம் போவார்கள். எண் இல்லை, பட்டியல் இல்லை. ஒரு நாள் இரினி முழங்கையால் என் விலாவில் இடித்து என்னை முன்னே தள்ளினார். கேலி செய்கிறார் என்று நினைத்தேன். அன்றைக்கு ஐந்து பேர் என்னிடம் வந்தார்கள். அதிர்ஷ்டம் என்று குறித்துக்கொண்டேன்.

அவர்கள் போனதும் அறைகள் மீண்டும் பெரும்பாலும் காலி. தனாசி ஒவ்வொரு ஞாயிறும் தொலைபேசியில் அழைத்து, "எத்தனை?" என்பார். "ரெண்டு" என்பேன். "ஆறிலை ரெண்டோ?" மறுமுனையில் பெருமூச்சு. பக்கத்தில் கலியோப்பி, தனக்குச் சம்பந்தமில்லாதது போல வெண்டிக்காய்க்கு நுனி வெட்டிக்கொண்டிருப்பார். கை மட்டும் மெதுவாகிவிடும்.

எனக்குப் பொறுக்கவில்லை. யோசித்தேன். எங்கள் தீவுக்கு வரும் முன் கப்பல் பெரிய தீவொன்றில் நிற்கும். அங்கிருந்து இங்கே ஒன்றேகால் மணித்தியாலம். விடிகாலை மீன்படகில் பெரிய தீவுக்குப் போனேன். அங்கே அதே கப்பலில் ஏறினேன். மேல்தட்டில் மேசையொன்றைப் பிடித்து, அறைகளின் வரைபடத்தை விரித்து, கார்பன் தாள் வைத்த புத்தகத்தில் பெயர் எழுதத் தொடங்கினேன். என் சட்டையையும் கோப்பையும் பார்த்து என்னைத் துறைமுக அதிகாரி என்றே பலர் நினைத்தார்கள். பெல்ஜியக்காரர் கேட்காமலே கடவுச்சீட்டை நீட்டினார். நான் மறுக்கவில்லை.

அப்படித்தான் அந்த ஊர்வலம் அமைந்தது.

பாண் முடிந்துவிட்டது

மறுநாள் காலை பேக்கரிக்குப் போனேன். பேக்கரிக்காரர் தலையைப் பின்னே சாய்த்து, நாக்கால் 'ச்' என்றார். இல்லை என்பதற்கு அவர்கள் வழி அது. அவருக்குப் பின்னால் தட்டு நிறையப் பாண் ஆவி பறந்துகொண்டிருந்தது.

"அது?" என்று காட்டினேன்.

"அது முடிஞ்சுது" என்றார், மிகவும் பணிவாக.

அடுத்த நாள் தண்ணீர் முறை. பவுசர் படியடிக்கு வந்தது. இரினி வீட்டுக்கு இறக்கியது, மேல்வீட்டுக்கு இறக்கியது, குழாயைச் சுருட்டிக்கொண்டு போய்விட்டது. நான் கைதட்டிக் கூப்பிட்டேன். சாரதி எனக்குக் கை காட்டினார். போய்வருகிறேன் என்பது போல.

மத்தியானம் சூப் வரவில்லை. இரினியின் நீலக் கதவு மூடியிருந்தது. உள்ளே ரேடியோ பாடியது.

இரண்டாம் நாளும் அந்தக் கதவு திறக்காதபோது கலியோப்பி என்னைக் கூப்பிட்டார்.

"கிரியே, என்ன செய்தனீங்கள்?"

நான் பதிவேட்டைக் கொண்டுபோய்க் காட்டினேன். ஆறு அறை, பதினான்கு பெயர், புறப்படும் திகதி, கையொப்பம். அவர் பக்கத்தை ஒருமுறை பார்த்துவிட்டு மூடினார்.

"புதன்கிழமை இரினியின்ரை முறை" என்றார்.

"என்ன முறை?"

அப்போதுதான் சொன்னார். ஏழு வீட்டுக்கும் முறை உண்டு. ஒரு கப்பலுக்கு ஒரு வீடு. எல்லோரும் கத்துவார்கள், அது பயணிகளுக்காக. யாருடைய முறையோ அவர் மட்டும் ஓரடி முன்னே வைப்பார். கப்பலால் இறங்குகிறவர்கள் கிட்ட நிற்பவரிடம்தானே போவார்கள்? அவர் வீடு நிரம்பினால் பின்னே வருவார், அடுத்தவர் முன்னே வைப்பார். தாய்மார் காலத்திலிருந்து இப்படித்தான். ஒருவரும் எழுதி வைக்கவில்லை.

முழங்கை இடி கேலியல்ல. எங்கள் முறையை அந்த மனுஷி எனக்கு எடுத்துத் தந்திருக்கிறார்.

"எனக்கு ஏன் முதலே சொல்லேல்லை?"

"சொன்னனான். இரினி அசைந்தால் அசையாதேங்கோ எண்டு. வேறை எப்பிடிச் சொல்லுறது?"

நாற்பது வருடம் வரிசைகளை ஒழுங்குபடுத்தியவன் நான். ஒரு வரிசைக்கு நடுவில் மூன்று கிழமை நின்றிருக்கிறேன். எண்சீட்டு இல்லாததால் அது வரிசையாக என் கண்ணில் படவில்லை.

"ஆனால் ரூம் நிரம்பினால்தானே தனாசி உங்களை இஞ்சை விடுவார்?" என்றேன், கடைசி வாதமாக.

கலியோப்பி ஜன்னலுக்கு வெளியே நீலக் கதவைப் பார்த்தார்.

"கிரியே, நவம்பரிலை இந்தப் பதினாலு பேரும் எனக்குச் சூப் கொண்டுவருவினமோ?"

வாளியும் கோப்பையும்

பதினான்கு பேர் மேலே. தொட்டியில் முழங்கால் அளவு தண்ணீர். புவனம் நிலைமையைக் கையில் எடுத்தார். மாடி முற்றத்தில் விருந்தினரை வரிசையாக நிறுத்தி, ஒரு வாளியும் ஒரு கோப்பையும் வைத்துக்கொண்டு, உடுத்த சேலையோடேயே, ஒரு குளியல் எப்படி ஒரு வாளிக்குள் முடியும் என்று செய்து காட்டினார், தண்ணீர் ஊற்றாமல். டேனிஷ் ஆசிரியைகள் கைதட்டினார்கள். பெல்ஜியக்காரர், "சோப்பு எப்போது?" என்று சந்தேகம் கேட்டார்.

நான் என் அறைக்குப் போய் ஆறு வீட்டாருக்கும் மன்னிப்புக் கடிதம் எழுதத் தொடங்கினேன். பந்திகளுக்கு இலக்கம் போட்டு, ஒன்றரைப் பக்கம்.

புவனம் தோளுக்கு மேலால் வாசித்தார். "இஞ்சாருங்கோ, உதை ஆர் வாசிக்கிறது?"

"கிரேக்கத்திலை மொழிபெயர்ப்பம்."

"இரினிக்கு வீட்டுக் கதவு இருக்கு. தபால்பெட்டி இல்லை. எனக்கு அண்டைக்கே தெரியும், நீங்கள் அந்தப் பொம்பிளையளைக் கடந்து வந்த விதம் சரியில்லையெண்டு."

"அப்ப ஏன் நீர் சொல்லேல்லை?"

"நீங்கள் ஆரிட்டையாவது கேட்டனீங்களோ?"

கடிதத்தை மடித்துக் கோப்பில் வைத்துவிட்டுக் குசினிக்குப் போனேன்.

வழியைக் கலியோப்பியே சொன்னார். "ஒரு சுற்று நில்லுங்கோ. ஏழு கப்பல். கடைசி ஆளாய். எல்லாரையும் போலக் கத்துங்கோ. ஒருத்தரையும் எடுக்காதேங்கோ."

கணக்குப் பார்த்தேன். ஏழு கப்பல் என்றால் இரண்டு கிழமைக்கு மேல். இப்போதிருக்கும் பதினான்கு பேரும் அதற்குள் போய்விடுவார்கள். ஏழாவது கப்பலில் தனாசியே வந்து இறங்குவார். ஆறு காலி அறைகளைப் பார்ப்பார்.

"வித்துப்போடுவார்" என்றேன்.

"தெரியும்" என்றார் கலியோப்பி. "நில்லுங்கோ."

ஏழு கப்பல்

நின்றேன். முதல் நாள், சுவரின் கடைசியில், சாக்கடை வாய்க்கு அருகில். "ரூம்! ரூம்!" என்று கத்தினேன். அறுபத்தைந்து வயதில், கறுப்புச் சப்பாத்தோடு. ஆறு பெண்களில் யாரும் என்னைத் திரும்பிப் பார்க்கவில்லை. ஒரு இத்தாலியக் குடும்பம் நேரே என்னிடம் வந்தது. சட்டையின் குற்றம். அன்றைய முறைக்காரியைக் கையால் காட்டி அனுப்பினேன்.

இரண்டாவது கப்பலுக்குப் பிறகு பேக்கரியில் பாண் முடியவில்லை. நான்காவதுக்குப் பிறகு பவுசர் எங்கள் வாசலில் நின்றது. சாரதி குழாயை இழுத்துப் போட்டார். ஆனால் அதற்குள் அறைகள் ஒவ்வொன்றாகக் காலியாகிவிட்டன. புவனம் படுக்கை விரிப்புகளை மடித்து வைத்தார். ஞாயிற்றுக்கிழமை "எத்தனை?" என்ற கேள்விக்கு, "நேரில் வந்து பாரும்" என்றேன். தனாசி தொலைபேசியை வைத்துவிட்டார்.

நீலக் கதவு மட்டும் திறக்கவில்லை. கலியோப்பி தலையில் துணி கட்டிக்கொண்டார். இரண்டு சனிக்கிழமை தலை கழுவவில்லை. புவனம் சீயக்காய் இல்லாவிட்டாலும் ஷம்பூவாவது போட்டு விடுகிறேன் என்று கெஞ்சிப் பார்த்தார். "வேண்டாம்" என்றார் கலியோப்பி. "என்ரை தலை இரினிக்குத் தெரியும்."

துணிக்குக் கீழே அவர் விரலை விட்டுச் சொறிவதைக் காணும்போதெல்லாம் நான் வேறு பக்கம் பார்ப்பேன்.

ஏழாவது கப்பல் சனிக்கிழமை மத்தியானம் வந்தது. தனாசி, ஒப்பரேஷன் முடிந்த கண்ணுக்காகப் போட்ட கறுப்புக் கண்ணாடி சரிந்திருக்க, கைப்பெட்டியோடு இறங்கும்போது என்னைக் கண்டார். அந்த நேரம் ஒரு டச்சுத் தம்பதி என் அட்டையைக் காட்டி, கடலைப் பார்த்த அறை உண்டா என்று கேட்டுக்கொண்டிருந்தது. "உண்டு, ஆனால் இன்று இல்லை" என்று, முறைக்காரியான இரினியிடம் அவர்களை அனுப்பினேன்.

இரினி அவர்களைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். பெட்டியைத் தூக்கிக்கொண்டு நடந்தார்.

தனாசி எனக்கு முன்னால் படி ஏறினார். மாடிக்குப் போய் ஆறு கதவுகளையும் ஒவ்வொன்றாகத் திறந்து, ஒவ்வொன்றாக அடித்துச் சாத்தினார்.

"ஓகஸ்ட், சிவா! ஓகஸ்டிலை ஆறும் காலி! நான் உன்னை எதுக்கு அனுப்பினனான்?"

"நிரப்ப. நிரப்பினனான். அதுதான் பிரச்சினை."

"வந்தவையை வேறை வீட்டுக்கு அனுப்பிறாய், என்ரை கண்ணுக்கு முன்னாலை! விசரோ உனக்கு? முடிஞ்சுது. திங்கட்கிழமை ஏதென்ஸ்காரனோடை கதைக்கிறன்."

கலியோப்பி குசினிக் கதிரையில் இருந்து எல்லாவற்றையும் கேட்டார். மறுத்து ஒரு சொல் சொல்லவில்லை. அண்ணன் சொன்னால் கையெழுத்து வைப்பேன் என்று சொன்ன சொல்லில் நிற்கிறவர். தனாசி இறங்கி வந்தார்; அவரும் புவனமும் நானும் குசினிக்குள் நின்றோம்.

வாசல் வெளிச்சம் மறைந்தது. இரினி நின்றார். ஒரு கையில் சூப் சட்டி, மறு கையில் துவாய், சோப்பு. என்னைப் பார்க்கவில்லை. சட்டியை அடுப்பில் வைத்தார். கலியோப்பியின் தலைத்துணியை அவிழ்த்து, முகர்ந்து பார்த்து, முகத்தைச் சுளித்து ஏதோ சொன்னார். பிறகு தனாசியின் பக்கம் திரும்பி இன்னும் கொஞ்சம் சொன்னார். தனாசியும் அவரும் ஒரே வகுப்பில் படித்தவர்கள் என்று பிறகு அறிந்தேன். குரலிலேயே அது தெரிந்தது.

"என்னவாம்?" என்றேன்.

"ஆம்பிளையளை வெளியிலை போகட்டாம்."

வெளிப்படியில் போய் இருந்தோம். உள்ளே திரைச்சீலை இழுபட்டது. வாளியில் கோப்பை முட்டியது. தண்ணீர் விழுந்தது. இரினி ஏசினார், நீளமாக, ஒரே மூச்சில். கலியோப்பி திருப்பி ஏசினார். சோப்பு கண்ணுக்குள் போயிருக்கவேண்டும், ஒரு அலறல். பிறகு இரண்டு பேரும் சிரித்தார்கள். புவனத்தின் சிரிப்பும் கேட்டது. அவரை வெளியே அனுப்பவில்லை.

தனாசி திரைச்சீலைப் பக்கம் கை காட்டிக் கேட்டார்.

"கிளென் வேவர்லியிலை இதுக்கு என்ன செய்யிறது?"

"எதுக்கு?"

"தலை கழுவ."

இது என் துறை. "நகரசபைக்கு விண்ணப்பிக்க வேணும். டொக்டரின்ரை கடிதம். பிறகு ஒரு உத்தியோகத்தர் வீட்டுக்கு வந்து பார்ப்பார். பிறகு காத்திருக்கிற பட்டியல். கிடைச்சால் கிழமைக்கு ஒரு மணித்தியாலம், வீட்டு உதவி. ஆனால் தலை கழுவிறது வீட்டு உதவிக்குள்ளை வராது. அது தனிப்பட்ட பராமரிப்பு. அதுக்கு வேறை ஃபோர்ம்."

"ஒவ்வொரு முறையும் அதே ஆள்தான் வருமோ?"

"அப்பிடி ஒரு விதி இல்லை."

உள்ளே மறுபடி தண்ணீர் விழுந்தது. கலியோப்பி எதையோ மெல்லிய குரலில் பாடத் தொடங்கினார். இரினி பாட்டைத் திருத்தினார்.

"இந்த வீட்டை விக்கிறதெண்டால் ஆர் ஆர் கையெழுத்து வைக்க வேணும்?" என்றார் தனாசி.

"ரெண்டு பேரும்."

"ஒரு ஆள் வைக்காட்டி?"

"விக்கேலாது."

"வேறை வழி ஒண்டும் இல்லையோ?"

"எனக்குத் தெரிஞ்ச வரையிலை இல்லை" என்றேன். இருந்தது. கொஞ்சம் சுற்று வழி, ஆனால் இருந்தது. நாற்பது வருட உத்தியோகத்தில் ஒரு விண்ணப்பதாரருக்குத் தெரிந்துகொண்டே தவறான தகவல் கொடுத்தது அந்த ஒருமுறைதான்.

"அப்ப நான் வைக்கமாட்டன்" என்றார் தனாசி.

எழுந்து சப்பாத்தைக் கழற்றினார், சட்டையைக் கழற்றிப் படியில் போட்டார், பிறந்த ஊரின் படிகளில் வெறுங்காலோடு கடலுக்கு இறங்கிப் போனார். நேரம் மூன்றேகால். அந்த நேரத்தில் அந்தத் தீவில் கடலுக்குப் போவது சுற்றுலாப் பயணிகள் மட்டும்தான்.